பட்டா இல்லாத நூறாண்டு: தாராவித் தமிழரும் மாட்டுங்காத் தமிழரும்

முலுண்ட் (மும்பை): மும்பை மாநகரின் வடகிழக்கு எல்லையில், தானே நகரை ஒட்டி அமைந்துள்ள முலுண்ட் புறநகரின் பழைய உப்பளங்கள் அரசியல் விவாதத்தின் மையமாகியுள்ளன. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்காகக் காஞ்சுர்மார்க், பாண்டுப், முலுண்ட் ஆகிய பகுதிகளில் மொத்தம் 255.9 ஏக்கர் உப்பள நிலத்தைப் பயன்படுத்த மகாராஷ்டிர அமைச்சரவை 2024 செப்டம்பர் இறுதியில் ஒப்புதல் அளித்தது. இதில் முலுண்டின் பங்கு 58.5 ஏக்கர். தாராவிக்குள்ளேயே வீடு பெறத் தகுதியில்லாதவர்கள் என வகைப்படுத்தப்படுவோருக்கு இந்நிலங்களில் வாடகைக் குடியிருப்புகள் கட்டப்பட உள்ளன.

இதற்கு முலுண்ட் குடியிருப்போரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏற்கெனவே நெரிசலில் திணறும் புறநகர் ரயில், குடிநீர், கழிவுநீர் வசதிகளின் மீது கூடுதல் சுமை விழும் என்பது அவர்களின் முதன்மையான வாதம். மழைநீரைத் தாங்கி நிற்கும் உப்பளங்களில் கட்டுமானம் எழுந்தால் வெள்ள அபாயம் கூடும் என்று சூழலியலாளர்கள் எச்சரித்து வருகின்றனர்.

இந்த விவாதத்தின் இரு முனைகளிலும் தமிழர்கள் உள்ளனர் என்பது பலரும் கவனிக்கத் தவறும் செய்தி. தாராவியின் பழைமையான குடிகளில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர்கள் முக்கியமானவர்கள். முலுண்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், குஜராத்தியர், மராத்தியர், சிந்திகள் ஆகியோருடன், மாட்டுங்கா, செம்பூர் வழியாக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே மாகாணத்திலிருந்து, ஒரே நகருக்குச் சென்ற இரு பிரிவினர் நூறு ஆண்டுகளில் இவ்வளவு வேறுபட்ட பொருளாதார நிலைகளை அடைந்தது எவ்வாறு? இந்தக் கேள்விக்கான விடை, உப்பளங்களில் எழவிருக்கும் குடியிருப்புகளின் எதிர்காலத்தையும் கணிக்க உதவும்.

இரு புறப்பாடுகள்

மாட்டுங்காவுக்குச் சென்றவர்களில் பெரும்பாலோர் பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலி ஆகிய பகுதிகளின் அக்ரகாரங்களைச் சேர்ந்த பிராமணக் குடும்பத்தினர். அன்றைய பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பாலக்காட்டு விக்டோரியா கல்லூரி, கும்பகோணம் அரசுக் கல்லூரி போன்றவற்றின் வழியாக ஆங்கிலக் கல்வி இவர்களுக்கு முன்னரே எட்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1921-ல் நீதிக்கட்சி அரசு கொண்டுவந்து, 1927 முதல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி அரசாணைக்குப் பின் அரசு வேலைகளில் இவர்களின் பங்கு குறையத் தொடங்கியது. பம்பாயின் வணிக நிறுவனங்கள், ரயில்வே அலுவலகங்கள், காப்பீட்டுக் கழகங்கள் ஆகியவற்றில் கணக்கர், தட்டச்சர், சுருக்கெழுத்தாளர் பணியிடங்கள் பெருகிய காலமும் அதுவே.

தாராவிக்குச் சென்றவர்களின் கதை வேறு. 1887 வாக்கில் தோல் பதனிடும் தொழில் தாராவிக்கு வரத் தொடங்கியது. தமிழகத்து முஸ்லிம் வணிகர்கள் தோல் கூடங்களை நடத்தினர். திருநெல்வேலிச் சீமையின் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் அங்கு வேலைக்கு வந்தனர். வறட்சி, நிலமின்மை, சாதி ஒடுக்குமுறை ஆகிய மூன்றும் அவர்களை ஊரைவிட்டு வெளியேற்றின. பின்னர் நாடார் வணிகர்களும் பிற சமூகத்தினரும் வந்து சேர்ந்தனர். முதல் தலைமுறையினரில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடமே எட்டாத தூரத்தில் இருந்தது.

ஆகவே, தொடக்கப் புள்ளியே சமமாக இருக்கவில்லை. ஒரு பிரிவினர் கல்விச் சான்றிதழுடன் ரயில் ஏறினர். மற்றொரு பிரிவினர் உடல் உழைப்பை மட்டுமே நம்பி ஏறினர். இந்த வேறுபாட்டை உருவாக்கியது பம்பாய் அல்ல, தமிழகத்தின் சாதி அமைப்பு. ஆனால் அந்த வேறுபாட்டைக் குறைக்கவோ பெருக்கவோ கூடிய வாய்ப்பு பம்பாய் நகர நிர்வாகத்தின் கையில் இருந்தது. அது பெருக்கும் வழியையே தேர்ந்தது.

தண்டவாளத்தின் இரு பக்கம்

1896-ல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பின், 1898-ல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நெரிசலைக் குறைக்கத் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகன்ற சாலைகள், பூங்காக்கள், மனைகள் கொண்ட புதிய குடியிருப்புகளை அது திட்டமிட்டது. 1920-களிலும் 1930-களிலும் அம்மனைகளில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. அலுவலக ஊழியர்களான தென்னிந்தியக் குடும்பங்கள் அவற்றில் வாடகைக்குக் குடியேறின. வீட்டுக்குள்ளேயே குளியலறையும் கழிப்பறையும் கொண்ட அடுக்குமாடி வாழ்க்கைமுறை பம்பாயில் வேரூன்றியது எவ்வாறு என்பதை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் நிகில் ராவ், அதில் மாட்டுங்காத் தென்னிந்தியர்களுக்கு முக்கிய இடம் அளித்துள்ளார்.

அவர்களில் பெரும்பாலோர் வாடகைதாரர்களே, உரிமையாளர்கள் அல்லர். ஆயினும் அவர்களின் வாடகை உரிமைக்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது. 1947-ம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகை உயர்வையும் வெளியேற்றத்தையும் தடுத்தது. சம்பளம் உயர்ந்தபோதும் வாடகை உயரவில்லை. மிஞ்சிய தொகை பிள்ளைகளின் படிப்புக்குச் சென்றது. 1932-ல் மாட்டுங்காவில் தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கம், பின்னாளில் கல்லூரிகள் வரை விரிந்த பெரும் கல்வி நிறுவனமாக வளர்ந்தது. கோயில், பஜனை சமாஜம், கிங்ஸ் சர்க்கிளில் சண்முகானந்தா அரங்கு எனச் சமூக வாழ்வின் தூண்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. வேலைவாய்ப்புத் தகவலும் பரிந்துரையும் அந்த வட்டத்திற்குள்ளேயே கைமாறின.

மத்திய ரயில் பாதைக்கு மேற்கே, நடந்து செல்லும் தொலைவில் இருந்த தாராவிக்கு மேம்பாட்டு அறக்கட்டளையின் மனைத்திட்டம் எட்டவில்லை. சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கி மக்கள் குடிசை அமைத்தனர். நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சிக்குச் சொந்தம். தமிழக வழக்கில் சொன்னால், அது பட்டா இல்லாத புறம்போக்குக் குடியிருப்பு. நகரத்திற்குத் தேவையான, ஆனால் நகரம் தன் அருகில் வைத்துக்கொள்ள விரும்பாத தொழில்கள் அங்கு ஒதுக்கப்பட்டன. அத்தொழில்களில் உழைத்தவர்களின் குடியிருப்பு மட்டும் பல பத்தாண்டுகள் சட்டத்திற்குப் புறம்பானதாகவே கருதப்பட்டது.

1976-ல் மகாராஷ்டிர அரசு குடிசைக் கணக்கெடுப்பு நடத்திப் புகைப்பட அட்டைகளை வழங்கியது. அதன் பின்னரே குடிநீர்க் குழாய், பொதுக் கழிப்பறை போன்ற வசதிகளுக்கு முறையான வழி பிறந்தது. 1985-ல் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய் நகருக்கு அறிவித்த ரூ.100 கோடியில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. இவை பயன் தந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அட்டை என்பது இருப்பதற்கான அனுமதி மட்டுமே. வங்கியில் அடமானம் வைக்கவும், முறையாக விற்கவும், பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்கவும் உதவும் பத்திரம் அது அன்று.

ஊதியமும் ஓய்வூதியமும்

மாட்டுங்காத் தமிழரின் அடுத்த தலைமுறை வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், டிராம்பேயின் அணு ஆராய்ச்சி மையம், செம்பூரைச் சுற்றிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை ஆகியவற்றில் பணியில் சேர்ந்தது. நிலையான சம்பளம், வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம், மருத்துவ வசதி ஆகியவை உறுதியாயின. 1960-ன் கூட்டுறவுச் சங்கச் சட்டமும் 1963-ன் அடுக்குமாடி உரிமைச் சட்டமும் நடுத்தர வர்க்கம் சொந்த வீடு வாங்க வழிவகுத்தன. அலுவலகக் கடனையும் வைப்பு நிதியையும் கொண்டு செம்பூரிலும் பின்னர் முலுண்டிலும் வாங்கப்பட்ட வீடுகளின் மதிப்பு இன்று கோடிகளில் பேசப்படுகிறது. பலருக்கும் வாழ்நாள் சம்பளத்தைவிட அந்த வீடே பெரிய செல்வமாக அமைந்தது.

தாராவித் தமிழர்களும் உழைக்காமல் இல்லை. தோல், ஆயத்த ஆடை, மறுசுழற்சி, உணவுத் தயாரிப்பு எனத் தாராவியின் சிறுதொழில்களின் ஆண்டு வருவாய் நூறு கோடி டாலர் அளவில் இருக்கும் என்ற மதிப்பீடு பல ஆண்டுகளாக மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது. மும்பையின் தெருக்களில் காலையில் விற்கப்படும் இட்லியில் கணிசமான பகுதி தாராவித் தமிழர் வீடுகளில் வேகிறது. ஆனால் இத்தொழில்களில் வைப்பு நிதியோ ஓய்வூதியமோ இல்லை. உரிமம் இல்லாத கூடத்திற்கு வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. அதிக வட்டிக்கு வாங்கிய கடன் லாபத்தைத் தின்றது. பாந்த்ராவிலிருந்த விலங்கு வதைக்கூடம் 1971-ல் தேவனாருக்கு மாறியதும், பின்னர் தோல் பதனிடும் கூடங்கள் வெளியேற்றப்பட்டதும் ஒரு தலைமுறையின் வாழ்வாதாரத்தைப் புரட்டிப் போட்டன. பலர் தோல்பொருள் தயாரிப்புக்கும் பிற தொழில்களுக்கும் மாறினர்.

1966 ஜூன் 19-ல் தொடங்கப்பட்ட சிவசேனா, தென்னிந்தியர்களுக்கு எதிரான பரப்புரையை முன்னெடுத்தபோது இரு பிரிவினருமே அச்சத்தில் வாழ்ந்தனர். அலுவலகங்களில் பணியாற்றிய தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை 'மார்மிக்' இதழ் வெளியிட்டது. உணவகங்கள் தாக்கப்பட்டன. இருப்பினும் விளைவுகள் ஒன்றாக இல்லை. அலுவலக ஊழியருக்குப் பணிப் பாதுகாப்பு இருந்தது. அவரது பிள்ளைகளுக்கு வேறு நகரங்களும் வெளிநாடுகளும் திறந்திருந்தன. தாராவித் தொழிலாளிக்கு அத்தகைய புகலிடம் ஏதுமில்லை.

இடஒதுக்கீடு கைவிட்ட இடம்

கல்வியில் பின்தங்கிய தலைமுறையை உயர்த்த அரசியலமைப்பு வகுத்த வழி இடஒதுக்கீடு. தாராவி ஆதிதிராவிடர் பலருக்கு அந்த வழியும் பாதியில் அடைபட்டது. ஒரு மாநிலத்தின் பட்டியலினத்தவர் வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால், புதிய மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என உச்ச நீதிமன்றம் 1990-ல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு மும்பையின் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி தொடர்பானது. 1994-லும் 2018-லும் இதே நிலைப்பாடு உறுதி செய்யப்பட்டது.

1950-ல் குடியரசுத் தலைவரின் ஆணை வெளியானபோது குடும்பம் எந்த மாநிலத்தில் நிரந்தரமாக வசித்தது என்பதே அளவுகோல். தாராவியில் அதற்கு முன்பே குடியேறிய குடும்பங்கள் ஏராளம். ஆனால் அதை நிரூபிக்க ஆவணம் வேண்டும். பதிவில்லாத குடிசையில் பிறந்து, பள்ளி செல்லாமல் வளர்ந்த பாட்டனின் பெயரில் 1950-க்கு முந்தைய ஆவணம் தேடுவது எளிதன்று. வீட்டுக்குப் பட்டா இல்லாமை, இங்கே பிள்ளையின் கல்லூரி இடத்தையும் பறிக்கிறது.

மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகள் தொடக்கக் கல்விக்குத் துணை நின்றன. உயர்நிலைக்குச் செல்லும்போது மொழி மாற வேண்டிய கட்டாயம் பலரை இடைநிற்கச் செய்தது. மாட்டுங்காவின் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆங்கிலம் அறிந்த பெற்றோர் இருந்ததால் இம்மாற்றம் தடையாக அமையவில்லை.

மூன்றாவது சாட்சி

கல்வியும் சாதியும் மட்டுமே இந்த இடைவெளியை விளக்கிவிடும் என்று வாதிடலாம். அவற்றின் வலிமையை மறுக்க முடியாது. ஆனால் மும்பையிலேயே அதைச் சோதித்துப் பார்க்க ஒரு மூன்றாவது சமூகம் இருக்கிறது. 1947 பிரிவினையின்போது சிந்துப் பகுதியிலிருந்து உடைமைகளை இழந்து வந்த அகதிகள் கல்யாண் அருகிலுள்ள ராணுவ முகாம்களிலும், செம்பூர், முலுண்ட், சயான் கோலிவாடா ஆகிய இடங்களின் முகாம்களிலும் தங்கவைக்கப்பட்டனர். கல்யாண் முகாம்களே பின்னர் உல்லாஸ்நகர் ஆயின.

அவர்களை மத்திய அரசு ஆக்கிரமிப்பாளர்களாக நடத்தவில்லை. இடம்பெயர்ந்தோருக்கான இழப்பீடு மற்றும் மறுவாழ்வுச் சட்டம் 1954-ல் நிறைவேறியது. முகாம் வீடுகள் படிப்படியாக உரிமை வீடுகளாக மாறின. கடனுதவியும் தொழிற்பயிற்சியும் அளிக்கப்பட்டன. சிந்தி சமூகத்தின் நெடுங்கால வணிக அனுபவமும் அவர்களின் எழுச்சிக்கு உதவியது. ஆனால் கையில் ஒன்றுமின்றி வந்தவர்கள் ஒரே தலைமுறையில் நிமிர்ந்து நிற்க, அரசு தந்த உரிமைப் பத்திரம் பெரும் துணையாக இருந்தது.

இன்றும் அதன் பலன் தொடர்கிறது. சயான் கோலிவாடாவையொட்டிய குரு தேக் பகதூர் நகரில் பழுதடைந்த 25 அகதிக் கட்டடங்களை மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியம் மறுசீரமைக்கிறது. அங்கு வசித்தோருக்குத் தலா 635 சதுர அடி வீடு தருவதாகத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. சற்றுத் தொலைவில் உள்ள தாராவியில், முழுத் தகுதி பெற்ற குடும்பத்திற்கே 350 சதுர அடிதான். ஒரு பகுதியினர் உரிமையாளர்களாகப் பேச்சுவார்த்தையில் அமர்கின்றனர். மற்றொரு பகுதியினர் பயனாளிகளாக வரிசையில் நிற்கின்றனர்.

உலக அனுபவமும் இதையே உணர்த்துகிறது. அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் புறநகரில் 1981-ல் ஏழைக் குடும்பங்கள் ஒரு நிலத்தில் ஒன்றாகக் குடியேறின. பின்னர் சட்டச் சிக்கலின் காரணமாக ஒரு பகுதியினருக்கு மட்டும் உரிமைப் பத்திரம் கிடைத்தது. இவ்விரு பிரிவினரையும் ஒப்பிட்ட பொருளியலாளர்கள் கலியானி, ஷார்க்ரோட்ஸ்கி ஆகியோர், பத்திரம் பெற்றவர்கள் வீட்டை மேம்படுத்த அதிகம் செலவிட்டதையும், அவர்களின் பிள்ளைகள் கூடுதலாகப் படித்ததையும் 2010-ல் வெளியான ஆய்வில் காட்டினர். அதேவேளை, பத்திரம் கிடைத்ததாலேயே வங்கிக் கடன் பெருகிவிடவில்லை என்பதையும் அவர்கள் பதிவு செய்தனர். உரிமைப் பத்திரம் எல்லா நோய்க்கும் மருந்தன்று. வெளியேற்றப்படுவோம் என்ற அச்சத்தை அது நீக்குகிறது. அச்சம் நீங்கிய குடும்பம் நெடுங்காலத்திற்குத் திட்டமிடுகிறது.

ஒப்பீட்டின் எல்லை

சமூகங்களை ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. மாட்டுங்காவின் ஒற்றை அறையில் ஆறேழு பேர் வாழ்ந்த, கோயில் மடப்பள்ளியிலும் சமையல் வேலையிலும் காலம் கழித்த பிராமணக் குடும்பங்களும் இருந்தன. தாராவியில் கடை வைத்து, தோல்பொருள் ஏற்றுமதி செய்து, பிள்ளைகளைப் பொறியாளராகவும் வழக்கறிஞராகவும் ஆக்கிய குடும்பங்களும் உண்டு. அவர்களுள் பலர் தானே, நவி மும்பை போன்ற இடங்களில் சொந்த வீடு வாங்கி வெளியேறிவிட்டனர்.

எனவே 'அந்தச் சமூகம் கெட்டிக்காரத்தனமானது, இந்தச் சமூகம் பின்தங்கியது' என்ற முடிவுக்கு இந்த ஒப்பீடு இடம் தரவில்லை. உழைப்பும் சிக்கனமும் இரு பக்கமும் இருந்தன. உழைப்பின் பலனைச் சேர்த்து வைத்து அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் ஏற்பாடு மட்டும் ஒரு பக்கத்தில் இருந்தது.

தேதி பிரிக்கும் குடும்பங்கள்

இந்தப் பின்னணியில்தான் இன்றைய திட்டத்தை எடைபோட வேண்டியுள்ளது. 2022 நவம்பரில் ரூ.5,069 கோடி ஒப்பந்தப்புள்ளி அளித்து அதானி குழுமம் தாராவித் திட்டத்தைப் பெற்றது. திட்டத்தைச் செயல்படுத்தும் நிறுவனத்தில் அக்குழுமத்திற்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்கு உள்ளது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது.

விதிகளின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு ரூ.2.5 லட்சத்திற்கு வழங்கப்படும். 2011-க்குப் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், மேல்தளங்களில் வசிப்போருக்கும் வெளியே வாடகை வீடு. தவணை செலுத்தி உரிமையாக்கிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. மேல்தளத்தில் வசிப்போருக்கும் வீடு என்பது முந்தைய குடிசை மாற்றுத் திட்டங்களில் இல்லாத முன்னேற்றம் என அரசு தரப்பு சுட்டிக்காட்டுகிறது. அது உண்மையே.

ஆனால் நடைமுறையில் இதன் பொருள் என்ன? தாத்தா கட்டிய தரைத்தளத்தில் மூத்த மகன் வாழ, இடம் போதாமல் மேலே எழுப்பிய அறையில் இளைய மகன் குடும்பம் நடத்துவது தாராவியில் வழக்கம். மூத்தவருக்குத் தாராவியில் உரிமை வீடு. இளையவருக்கு முலுண்டிலோ தேவனாரிலோ வாடகை வீடு. பணியிடமும் வீடும் ஒன்றாக இருப்பதே தாராவியின் பொருளாதாரம். அதிகாலையில் இட்லி வேகவைத்து விற்பவரோ, வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவரோ இருபது கிலோமீட்டர் அளவு தள்ளிப் போனால், வீடு கிடைத்தும் வருமானம் போகும். இலவச வீட்டுக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. மும்பையின் பல மறுகுடியமர்வுக் கட்டடங்களில் அச்செலவைத் தாங்க முடியாமல் வீட்டை விட்டுச் சென்றவர்கள் உண்டு.

முலுண்ட் மக்களின் கவலையையும் வெறும் வெறுப்பு என ஒதுக்கிவிட முடியாது. மருத்துவமனை, பள்ளி, குடிநீர், ரயில் வசதி ஆகியவற்றை முன்கூட்டியே விரிவாக்காமல் பல்லாயிரம் குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கினால், வருபவர்களும் இருப்பவர்களும் ஒருசேர அல்லல்படுவர். குப்பை மேடாக இருந்த தேவனார் நிலத்தில் 124 ஏக்கர் இத்திட்டத்திற்கு ஒதுக்கப்பட்டிருப்பதும் குடியமர்த்தப்படுவோரின் உடல்நலம் குறித்த கேள்விகளை எழுப்புகிறது. நகரம் விரும்பாத நிலத்தில் நகரத்திற்குத் தேவையான உழைப்பாளிகளைக் குடியமர்த்துவது, நூறு ஆண்டுகளுக்கு முன் தாராவி உருவான அதே முறை.

தவிர்க்கக்கூடிய பிழை

நூற்றாண்டு அனுபவம் சில தெளிவான படிப்பினைகளைத் தருகிறது. உப்பளக் குடியிருப்புகளின் வாடகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகளில் அது உரிமையாக மாறும், உரிமைப் பத்திரம் யார் பெயரில் பதிவாகும் என்பவை குடியமர்வுக்கு முன்பே எழுத்தில் உறுதியாக வேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் அது பதிவாவது குடும்பத்தின் பாதுகாப்பைக் கூட்டும். வீட்டோடு சேர்த்துப் பணியிடத்திற்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும். கணக்கெடுப்பின்போது திரட்டப்படும் பழைய ஆவணங்களைக் கொண்டே, 1950-க்கு முன் குடியேறிய குடும்பங்களின் சாதிச் சான்றிதழ்ச் சிக்கலுக்கும் மகாராஷ்டிர அரசு தீர்வு காண முடியும். அதற்குத் தமிழக அரசு தன் வருவாய்த்துறைப் பதிவுகளைக் கொண்டு உதவலாம்.

மாட்டுங்காவிலிருந்து முலுண்ட் வந்தவர்களுக்கு இந்நகரம் வாடகைப் பாதுகாப்பையும் வீட்டுக் கடனையும் உரிமைப் பத்திரத்தையும் தந்தது. தாராவியிலிருந்து முலுண்ட் வரவிருப்பவர்களுக்கும் அவை கிடைக்குமா என்பதை, வீட்டின் சதுர அடி அளவைவிட, அவர்கள் கையெழுத்திடவிருக்கும் ஒப்பந்தத்தின் வாசகங்களே தீர்மானிக்கும். அந்த வாசகங்கள் இறுதியாகும் முன் அவற்றைப் படித்துப் பார்த்துத் திருத்தம் கோரும் வாய்ப்பு, நூறாண்டுகளாகக் காத்திருக்கும் மக்களுக்கு அளிக்கப்பட வேண்டும்.